சுழல மறுக்கும் மின்விசிறி: பழுது காணும் பாடம்

வீட்டுக் கருவி ஒன்று நின்றுபோனால், நம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவன கடையும் மாதத் தவணையும்தான். தவணை முறை பயனுள்ளதே. வங்கி இதழில் அதை மறுத்துரைக்கவும் இயலாது! ஆயினும், கெட்டது கருவி முழுவதுமா, அதனுள் இருக்கும் சிறு உறுப்பு மட்டுமா என்பதை அறியாமலே புதியதை வாங்குவது வீண் செலவு.

பெங்களூரில் பூர்ணா சர்க்காரும் அந்தரா முகர்ஜியும் 2015-ஆம் ஆண்டில் தொடங்கிய ரிப்பேர் கஃபே இந்த அறிதலைத்தான் மக்களிடையே பரப்பி வருகிறது. மார்ட்டினே போஸ்ட்மா 2009-இல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கியதே இதற்கு முன்னோடி. பழுதான பொருளை ஒப்படைத்துவிட்டுப் பிறகு வந்து பெற்றுக்கொள்ளும் கடையன்று இது. பொருளுக்கு உரியவரும் தன்னார்வலருடன் அமர்ந்து, பழுது நீக்கும் முறையைக் கற்றுக்கொள்வதே இதன் நோக்கம்.

அப்படிக் கற்பதற்கு ஏற்ற முதற்பாடம் கூரை மின்விசிறி. விசிறி ரீங்காரமிடுகிறது, ஆனால் சுழலவில்லை. அல்லது ரெகுலேட்டரை முழுதாகத் திருப்பியும் மெதுவாகவே சுழல்கிறது. முதலில் மின்சாரத்தை நிறுத்திவிட்டு இறக்கையைக் கையால் தள்ளிப் பார்ப்போம். இறுக்கமாக இருந்தால் பேரிங் தேய்ந்திருக்கக்கூடும். தடையின்றிச் சுழன்றால், தரையில் நின்றபடியே விசிறியை இயக்கி, நீண்ட உலர்ந்த மரக்குச்சியால் இறக்கையை மெல்லத் தள்ளுவோம். அதன்பின் அது தானே சுழலத் தொடங்கினால், குற்றம் பெரும்பாலும் கெப்பாசிட்டரில்தான். வீட்டுக்கு வரும் ஒருமுனை மின்சாரத்தால் மட்டும் மோட்டாருக்குத் தொடக்கச் சுழற்சி கிடைப்பதில்லை. இரண்டாவது சுருளில் பாயும் மின்னோட்டத்தைச் சற்று முன்னகர்த்தி அந்தச் சுழற்சியைத் தருவது கெப்பாசிட்டர். அது வலுவிழந்தால் விசிறியும் தளர்கிறது. பி.எல்.டி.சி. வகை விசிறிகளுக்கு இப்பாடம் பொருந்தாது. அவற்றை இயக்குவது மின்னணுச் சுற்று.

கெப்பாசிட்டரை மாற்றும்போது சுவர் சுவிட்சை மட்டும் நம்பலாகாது. பழைய வீடுகளில் சுவிட்சு நியூட்ரல் கம்பியில் இணைக்கப்பட்டிருக்கலாம். அப்போது சுவிட்சை நிறுத்திய பிறகும் விசிறியில் மின்சாரம் இருக்கும். ஆகவே மெயின் சுவிட்சையே நிறுத்தி, டெஸ்டரால் சோதித்த பிறகே ஏணியில் ஏற வேண்டும். கீழே ஒருவர் துணை நிற்க வேண்டும். கெப்பாசிட்டரில் மின்னூட்டம் தங்கியிருக்கலாம் என்பதால் அதன் முனைகளை வெறுங்கையால் தொடலாகாது. பழையதில் 2.5 மைக்ரோஃபாரட் என்றிருந்தால், புதியதும் அதே அளவில் இருக்க வேண்டும். வேகம் கூடட்டும் என்று பெரிய அளவைப் பொருத்துவோர் உண்டு; அதனால் சுருள் சூடேறிக் கருகும்.

மிக்சி திடீரென நின்றால் அதன் அடிப்பகுதியிலுள்ள சிவப்புப் பொத்தானைப் பாருங்கள். பளு மிகுந்ததும் இயக்கத்தைத் துண்டிக்கும் காப்பு அது. பிளக்கைக் கழற்றி, சற்று ஆறவிட்டு, பொத்தானை உள்ளே அழுத்தினால் பெரும்பாலும் போதும். மோட்டார் ஓடியும் கத்தி சுழலவில்லை என்றால் கப்ளர் தேய்ந்திருக்கும்.

நாம் திறக்கக் கூடாதவையும் உள்ளன. மைக்ரோவேவ் அடுப்பினுள் இருக்கும் உயர் அழுத்தக் கெப்பாசிட்டர், பிளக்கைக் கழற்றிய பின்னும் உயிரைப் பறிக்க வல்லது. இன்வெர்ட்டரையும் தொட வேண்டாம். ஆழ்துளைக் கிணற்றுக் கடினநீரை நம்பியிருக்கும் பெங்களூர் வீடுகளில் கீசரின் ஹீட்டர் சுருளில் சுண்ணாம்புப் படிவு சேர்வது வழக்கம். நீர் சூடாகத் தாமதமாவது அதன் அறிகுறி. ஆனால் குழாயைத் தொடும்போது சுருக்கென மின்சாரம் தாக்கினால், அது நாம் பழுது பார்க்கும் நிலையன்று. கீசரை உடனே நிறுத்தி மின்பணியாளரை அழைத்து, எர்த் இணைப்பையும் சோதிக்கச் சொல்ல வேண்டும். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. வீட்டில் இல்லையென்றால், அன்றே அதையும் பொருத்தச் சொல்லலாம்.

உத்தரவாதக் காலம் முடியாத கருவியை நாமே திறந்தால் அந்த உரிமை பறிபோகலாம். முதலில் பில்லைத் தேடி எடுங்கள். உதிரிப் பாகங்களுக்குப் பெங்களூர்வாசிகள் நாடுவது எஸ்.பி. ரோடு. அங்கே செல்லும்போது பழைய பாகத்தையும் கையோடு கொண்டுபோவது நல்லது. அதன்மேல் அச்சிட்டுள்ள எண்களைப் பார்த்தே கடைக்காரர் சரியானதை எடுத்துத் தருவார்.