குழுவாகப் பாடினால் புள்ளி யாருக்கு?

சமய வகுப்பு நடத்தும் தம்பி, தங்கைகளே, இந்த மாதப் பாடம் உங்களுக்குத்தான்.

மலேசிய இந்து சங்கத்தின் திருமுறை ஓதும் போட்டி நெருங்கினால் நம் கூலாய் வகுப்புகளிலும் பரபரப்பு வந்துவிடும். பத்துப் பிள்ளைகளை நிற்க வைத்துப் பாடச் சொல்கிறோம். நல்லா வந்தா எல்லாருக்கும் 'ஏ', வரலைன்னா எல்லாருக்கும் 'பி'. முன் வரிசையில் இரண்டு அக்காக்கள் பாட்டைத் தூக்கிக்கொண்டு போவார்கள். பின் வரிசையில் ஒரு பிள்ளை வாயை மட்டும் அசைத்து வருஷத்தையே ஓட்டிவிடும். அதுக்கும் 'ஏ'தான்! அக்காக்கள் படிவம் ஐந்து முடிச்சுட்டுப் போனதும் குழுவில் பாட ஆள் இருக்காது.

பள்ளியில் புறப்பாடப் புள்ளி வேறு மாதிரி. வருகை, பதவி, எந்த நிலை வரை போட்டிக்குப் போனோம், என்ன பரிசு என்று பார்க்கிறார்கள். பல்கலைக்கழக நுழைவுக்கான மெரிட்டில் 10 விழுக்காடு புறப்பாடத்துக்கு என்பதால் பெற்றோருக்கும் அக்கறை. ஆனால் 'பிள்ளைக்குச் சுருதி பிடிக்க வருதா?' என்று கேட்கும் கட்டம் அந்தப் பாரத்தில் இல்லை. எல்லாக் கழகத்துக்கும் பொதுவான பாரத்தில் அதை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

காஸ்வேக்கு அந்தப் பக்கம், சிங்கப்பூர் இளையர் விழாவில் பள்ளி இசைக்குழுக்களுக்கு முன்பு தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று கொடுத்தார்கள். 2013-இல் அதை விட்டு, மூன்று நிலைச் சான்றிதழுக்கு மாறினார்கள். நல்ல மாற்றம்தான். ஆனால் சான்றிதழ் இன்னமும் மொத்தக் குழுவுக்கு. பின் வரிசைப் பிள்ளையைக் கேட்கும் வேலை, அங்கேயும் இங்கேயும், சொல்லிக்கொடுப்பவருடையது.

எப்படிக் கேட்பது? மூன்று மூன்று பேராக. தனியாகப் பாடச் சொன்னால் பாதிப் பிள்ளைகளுக்குக் கூச்சத்தில் தொண்டை அடைச்சுக்கும். பத்துப் பேர் பாடினால் யார் குரல் எதுன்னு தெரியாது. முப்பது பிள்ளைகள் என்றாலும், குழுவுக்கு மூன்று நிமிடம் வைத்தால் அரை மணி நேரத்தில் முடியும்.

திருஞானசம்பந்தரின் திருநீற்றுப் பதிகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பண் காந்தாரம், நவரோசு ராகத்தில் பாடுவது வழக்கம். 'நீறு' என்ற சொல் அதில் திரும்பத் திரும்ப வரும். நம்ம பிள்ளைகள் பலர் 'நீரு' என்றுதான் பாடுகிறார்கள். நீறு என்றால் விபூதி, நீர் என்றால் தண்ணீர். கூட்டத்தோடு பாடும்போது இது காதில் விழாது. மூன்று பேர் பாடினால் உடனே விழும். தாளில் 'உச்சரிப்பு சுமார்' என்று எழுதாதீங்க, அதனால் யாருக்கும் பயன் இல்லை. 'று கவனி' என்று எழுதுங்க.

உச்சரிப்பு, சுருதி, தாளம், பக்கத்துக் குரலைக் கேட்டுப் பாடுதல் என்று நான்குக்கும் ஐந்தைந்து புள்ளி போதும். நான்காவதை விட்டுவிடக் கூடாது. குரல் வளம் உள்ள பிள்ளை கத்திப் பாடி மற்றவரை அமுக்கினால் அங்கே புள்ளி குறையணும். இந்த நான்கையும் பாட்டு தொடங்கும் நாளிலேயே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். வருகையை இதில் கலக்க வேண்டாம், அதுக்குத் தனிக் கணக்கு.

இரண்டு தடவை கேளுங்கள்: இரண்டாம் வாரம் ஒன்று, மேடைக்கு முந்திய வாரம் ஒன்று. கைப்பேசியில் பதிவு செய்துகொண்டால் வித்தியாசம் தெளிவாகத் தெரியும். என் கணக்கில், 8-இலிருந்து 13-க்கு வந்த பிள்ளை, 16-லேயே நின்ற பிள்ளையைவிட அதிகம் உழைத்தது. அதையும் தாளில் எழுதுங்கள்.

படிவம் ஒன்று, இரண்டு பையன்களிடம் கொஞ்சம் பொறுமை வேணும். குரல் உடையும் வயசு. நேற்று வரை ஐந்து கட்டையில் பாடியவனுக்கு இன்று மேல் ஸ்தாயி எட்டாது. சுருதிப் புள்ளியைக் குறைத்தால் அடுத்த வாரம் வகுப்புக்கே வரமாட்டான். கீழ் ஸ்தாயியில் பாட விடுங்கள்.

தாளம் போடும் பிள்ளையையும் மறந்துவிடுகிறோம். மூன்று வெவ்வேறு குழுக்களுக்கு அதைப் போடச் சொல்லிப் பாருங்கள். பிள்ளைகள் பாடப் பாட வேகம் ஏறும். அந்த ஓட்டத்தைப் பிடித்து நிறுத்துதா, கூடவே ஓடுதா என்று தெரியும்.

புள்ளியைச் சபையில் வாசிக்காதீங்க. தாளைப் பிள்ளையின் கையில் கொடுத்து, அடுத்த வாரத்துக்குள் எந்த அடியைச் சரி செய்து வரும் என்று அதையே அடியில் எழுதச் சொல்லுங்கள்.