ஓலையும் பாடமும்: வளவிலே பிள்ளைகள் கற்க

சொந்தக் காணிக்குத் திரும்பியிருக்கிறீர்கள். 1990ஆம் ஆண்டு வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறிய குடும்பங்களிலே பலர் இன்று பேரப்பிள்ளைகளோடு வந்திருக்கிறீர்கள். அந்தப் பிள்ளைகளுக்கு முகாமின் வரிசைக் கொட்டில்கள் தெரியும், பொதுக் குழாயடி தெரியும். வளவு என்றால் என்னவென்று தெரியாது. வேலி எங்கே முடிகிறது, எந்த மரம் யாருடையது, கிணற்றடியில் எப்படி நடப்பது என்பதெல்லாம் அவர்களுக்குப் புதிது. உங்கள் வீட்டிலே அம்மம்மா, அப்பப்பா இருந்தால், பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கக்கூடியவர்கள் அவர்கள்தான். கையில் பெரிதாகக் காசு இல்லாத இந்த முதல் மாதங்களில் வளவையே பிள்ளைகளின் கல்விக்கு எப்படிப் பயன்படுத்தலாம் என்பதை இந்தப் பாடம் விளக்குகிறது.

முதலில் பாதுகாப்பு

ஓலை எடுக்க, விறகு பொறுக்க, மாடு கட்ட என்று பற்றைக்குள் பிள்ளைகளை அனுப்பாதீர்கள். மிதிவெடி அகற்றும் பணி முடிந்து கையளிக்கப்பட்ட காணியில் மட்டும் நடமாடுங்கள். அபாயக் குறி நாட்டியிருக்கும் இடத்துக்கு அப்பால், எவ்வளவு நல்ல பனை நின்றாலும் போக வேண்டாம். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாதீர்கள், கிட்டப் போகாதீர்கள், வந்த வழியே திரும்பி வந்து கிராம அலுவலருக்கோ பொலிஸாருக்கோ (119) அறிவியுங்கள். இதை மூன்று வயதுப் பிள்ளைக்கும் விளங்கும்படி, விளையாட்டாகத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

பழைய கிணறும் அப்படித்தான். கட்டு இடிந்து, செடி மூடிக் கிடக்கும் கிணற்றை உடனே வேலியடைத்து மறையுங்கள். யுத்தக் காலத்தில் கைவிடப்பட்ட கிணறுகளுக்குள் வெடிபொருட்கள் கிடந்ததுண்டு. ஆகவே பரிசோதித்து உறுதி செய்யும்வரை நீங்களாக இறைக்கத் தொடங்க வேண்டாம்.

கையால் கற்பது

முதலாம் உலக யுத்தம் முடிந்த மறு ஆண்டு, 1919இல், ஜேர்மனியின் ஸ்ருட்கார்ட் நகரில் வோல்டோர்ஃப் அஸ்டோரியா என்ற சிகரட் தொழிற்சாலைத் தொழிலாளரின் பிள்ளைகளுக்காக ஒரு பாடசாலை தொடங்கப்பட்டது. அதை வழிநடத்தியவர் ருடோல்ஃப் ஸ்ரைனர். அங்கே ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் ஒன்றாக இருந்து பின்னல் வேலை பழகினார்கள். சிறு பிள்ளைக்குக் கதையும் பாட்டும் கைவேலையும் முதலில், புத்தகம் பிறகு என்பது அவர்களுடைய முறை. நாளுக்கு நாள் மாறாத ஒழுங்கும் அதிலே முக்கியம். தோற்றுப்போன நாட்டில், பசியோடிருந்த ஊரில் தொடங்கிய முறை என்பதால்தான் அதை இங்கே சொல்கிறோம். அதற்கென்று விலைகூடிய சாமான் எதுவும் தேவையில்லை. அவர்களுக்குக் கம்பளி நூல், எங்களுக்குப் பனையோலை.

பின்னுவதற்கு முற்றிய ஓலை உதவாது. அது கூரைக்கும் வேலிக்கும் தோட்டத்துப் பசளைக்கும் உரியது. குருத்தோலையைத்தான் எடுக்க வேண்டும். அதையும் ஒரே மரத்தில் அடிக்கடி வெட்டினால் மரம் நலிந்துபோகும், மாறி மாறி எடுங்கள். மரத்தில் ஏறுவது பழகிய பெரியவரின் வேலை. எடுத்த ஓலையை வெயிலில் காயவிட்டு, ஈர்க்கைக் கழற்றி, ஒரே அகலமாக வார்ந்து கட்டி வையுங்கள். பின்ன முன் சற்று நனைத்தால் முறியாது. சத்தகம் பெரியவர்களின் கையிலேயே இருக்கட்டும். சின்னப் பிள்ளைக்கு வார்ந்த ஓலையைக் கொடுத்தால் போதும்.

ஐந்து, ஆறு வயதில் காற்றாடி, கிலுகிலுப்பை செய்யலாம். ஏழெட்டு வயதில் ஒரு சிறிய தட்டு பின்னத் தொடங்கலாம். எட்டு வாரை நெடுக்காகவும் எட்டைக் குறுக்காகவும் வைத்து, ஒன்றுக்கு மேலே, ஒன்றுக்குக் கீழே என்று பின்னச் சொல்லுங்கள். அடுத்த வார் மாறித் தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் பின்னல் பிடிக்காது, கழன்றுவிடும். பிழையை நீங்கள் காட்டத் தேவையில்லை, ஓலையே காட்டிவிடும். முடிந்ததும் கட்டங்களை எண்ணச் சொல்லுங்கள்: 64. அதில் நெடுக்கு வார் மேலே தெரிவது 32. வாரின் அகலம் ஒரு சென்ரிமீற்றர் என்றால் தட்டின் பரப்பு எவ்வளவு என்பது அண்ணனுக்கு உரிய கணக்கு.

பெட்டியின் மூலை மடிப்பதை எழுத்தில் விளக்க முடியாது. அம்மம்மாவிடம்தான் கேட்க வேண்டும். நீத்துப்பெட்டியின் கூர், கடகத்தின் இரட்டைப் பின்னல், விளிம்புக்கு நார் வைத்துக் கட்டுவது எல்லாம் அவருடைய விரலில் இருக்கிறது. முகாமில் ஓலையும் இல்லை, இடமும் இல்லை என்று இருபது வருடம் பின்னாமல் இருந்தவர்களும் ஓலையைக் கையில் எடுத்தால் விரல் தானாக ஓடும் என்பார்கள். அவர் பின்னும்போது பிள்ளை பக்கத்தில் இருக்கட்டும். ஊர்க் கதையும் அப்போதுதான் வரும்: அயலில் யார் இருந்தார்கள், கோயில் வீதி எப்படி இருந்தது, எந்த மரத்தடியில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூடினார்கள். பெரிய பிள்ளை அதைக் கொப்பியில் எழுதி வைக்கட்டும். அதுவே தமிழ்ப் பாடமும் வரலாற்றுப் பாடமும். இழப்புகளைச் சொல்லத் தொடங்கிக் குரல் தளர்ந்தால், அன்றைக்கு அதோடு நிறுத்துங்கள்.

ஆவணி, புரட்டாதியில் பனம்பழம் விழும். கொட்டைகளைப் பாத்தியில் வரிசையாக அடுக்குங்கள். வரிசைக்குப் பன்னிரண்டு, பத்து வரிசை. மார்கழி, தையில் கிழங்கு கிண்டும்போது எத்தனை முளைத்தது, எத்தனை பழுதானது என்று பிள்ளை கணக்கு வைக்கட்டும். பச்சையாகக் கீறிக் காயவைத்தால் ஒடியல், அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். மழைகாலத்துக்குச் சாப்பாடாகவும் ஆகும்.

கடகம் விற்று வீடு கட்டலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஒரு பெட்டிக்குக் கிடைக்கும் காசு சிறியது. வீட்டுக்குத் தேவையான சுளகும் பெட்டியும் காசில்லாமல் கிடைப்பதே முதல் இலாபம். தொழிலாகச் செய்ய விரும்பும் தாய்மார், 1978இல் உருவாக்கப்பட்ட பனை அபிவிருத்திச் சபையிடம் பயிற்சி பற்றிக் கேட்கலாம். பிள்ளைகளை விற்பனைக்காகப் பின்ன வைக்காதீர்கள்.

பாடசாலைக்குப் பதில் அல்ல

இலங்கையில் 5 வயது முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம். வீட்டில் கற்பது பாடசாலைக்கு முந்திய வயதுக்கும், பாடசாலை விட்டு வந்த மாலை வேளைக்கும், ஊர்ப் பாடசாலை திறக்கும்வரையான இடைக்காலத்துக்கும் மட்டுமே. இடைக்காலத்தில் ஓர் ஒழுங்கைப் பிடியுங்கள்: காலையில் வளவு கூட்டி மரக்கன்றுக்குத் தண்ணீர், பிறகு வாசிப்பும் கணக்கும், மதியத்துக்குப் பின் கைவேலை, விளக்கு வைத்ததும் கதை. நேரம் முன்பின் ஆகலாம், வரிசை மாற வேண்டாம். இடம் மாறி மாறி வாழ்ந்த பிள்ளைக்கு, அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்திருப்பதே பெரிய ஆறுதல். இரவில் அலறி எழும்புவது, பேச்சுக் குறைவது, பெரிய பிள்ளை மீண்டும் படுக்கையை நனைப்பது வாரக்கணக்கில் தொடர்ந்தால் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். அதைக் கைவேலையால் மட்டும் தீர்க்கப் பார்க்க வேண்டாம்.

அனுமதிக்கு அதிபரைச் சந்திக்கும்போது பிறப்புச் சான்றிதழையும் முன்னைய பாடசாலையின் விடுகைப் பத்திரத்தையும் கொண்டு போங்கள். சான்றிதழ் தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் பிரதி பெற விண்ணப்பிக்கலாம். பத்திரம் கைக்கு வரும்வரை பிள்ளையை வீட்டில் வைத்திருக்காமல், உடனேயே அதிபரிடம் போய் நிலைமையைச் சொல்லுங்கள். அங்கே முடிவு கிடைக்காவிட்டால் வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போங்கள். பிள்ளை எழுதிய கொப்பியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள், எந்த வகுப்பில் சேர்ப்பது என்று தீர்மானிக்க ஆசிரியருக்கு அது உதவும்.