குஞ்சு பொரிப்புப் பெட்டி: ஒயரிங்கில் கவனம்

வீட்டிலேயே செய்த பொரிப்புப் பெட்டியில் குஞ்சு வராவிட்டால் முட்டையைக் குறை சொல்லுமுன் ஒயரிங்கைப் பாருங்கள். விசிறி, பல்பு இரண்டையும் தெர்மோஸ்டாட் வழியாக இணைத்திருந்தால், சூடு ஏறியதும் பல்போடு விசிறியும் நின்றுவிடும். மேல் தட்டில் சூடு தேங்கும்; கீழ்த் தட்டு குளிரும். ஆகவே விசிறிக்கு நேர் இணைப்பு கொடுங்கள். 21 நாளும் அது இரவு பகலாக ஓடட்டும்.

மெயினை அணைத்துவிட்டு, பல்புக்குப் போகும் பேஸ் ஒயரை மட்டும் வெட்டி, இரு முனைகளையும் தெர்மோஸ்டாட்டில் இணைக்கவும். நியூட்ரலை வெட்டினால் பல்பு அணைந்திருக்கும்போதும் ஹோல்டரில் மின்சாரம் இருக்கும். தண்ணீர்த் தட்டு மாற்றக் கை விடுபவருக்கு ஆபத்து. தகரப் பெட்டியானால் எர்த் அவசியம்.

சூடு ஏறினால் துண்டிக்கும் தெர்மோஸ்டாட்டையே கேட்டு வாங்குங்கள். குளிர்பெட்டிக்கு உள்ளது சூடு ஏறினால் இணைக்கும். அதை மாட்டினால் முட்டை வெந்துதான் போகும்! எல்.இ.டி. பல்பும் உதவாது, பழைய குண்டு பல்பே சூடு தரும். ஒன்று பியூஸ் போனாலும் சமாளிக்க இரண்டாகப் போடுவது நல்லது.

உணர்முனையைப் பல்புக்கு எதிரே வைக்காமல் முட்டை மட்டத்தில் வைத்து, 37.5 டிகிரி செல்சியஸில் நிறுத்தவும். ஒரு நாள் வெறும் பெட்டியை ஓட்டிப் பார்த்த பிறகே முட்டை அடுக்குங்கள்.