நாமே சுமந்து வரும் மூட்டைப்பூச்சி

மூட்டைப்பூச்சி பறக்காது, குதிக்காது. பெரும்பாலும் நம் மூட்டையோடுதான் வீடு வந்து சேரும். கலிஃபோர்னியாவின் சன்னிவேல், ஃப்ரீமாண்ட் பக்கம் வீடு காலி செய்பவர்கள் குப்பைத்தொட்டி அருகே விட்டுப்போகும் சோபா, மெத்தைக்கு ஆசைப்படாதீர்கள். ஓட்டலில் தங்கினால் மெத்தையின் தையல் ஓரத்தில் கரும்புள்ளிகள் தெரிகிறதா என்று பாருங்கள். பெட்டியைக் கட்டில்மேல் வைக்காதீர்கள். ஊர் போய் வந்ததும் துணிகளை நேராக டிரையரில் போட்டு, அதிகச் சூட்டில் அரை மணி நேரம் ஓட்டுங்கள்; முட்டையும் செத்துவிடும். (பட்டுப்புடவைக்கு இது ஆகாது, சொல்லிவிட்டேன்!) கடையில் விற்கும் புகைமருந்து வீண், பூச்சி இடுக்கில் பதுங்கிக்கொள்ளும், சுவர் வழியே பக்கத்து வீட்டுக்கும் போகும். கலிஃபோர்னியாவில் 2017 முதல் உள்ள சட்டப்படி, மூட்டைப்பூச்சி இருப்பது தெரிந்தே ஒரு வீட்டை வாடகைக்குக் காட்டக்கூடாது. புகார் சொன்னவரைப் பழிவாங்கவும் கூடாது. ஒன்றைக் கண்டாலும் வீட்டுக்காரருக்கு உடனே எழுதிப் போடுங்கள்.