கடை டி.வி. ஆன் ஆகவில்லையா? மெக்கானிக்கை அழைக்கும் முன் ஒரு பாடம்



இன்று சிறிய மளிகைக் கடையில்கூடச் சுவரில் ஒரு எல்.இ.டி. டி.வி. தொங்குகிறது. படம் பார்க்க அல்ல, கேமராவைப் பார்க்க. எனக்கு முழங்கால் வலி. குடோனுக்கு இறங்கி ஏற முடிவதில்லை. கல்லாவில் உட்கார்ந்தபடியே மூட்டை ஏறுவதையும் இறங்குவதையும் அந்த டி.வி.யில்தான் எண்ணுகிறேன்.

ஒரு நாள் காலை அது ஆன் ஆகவில்லை. வெளியே துவரம்பருப்பு லோடு நிற்கிறது. முதல் நாள் அந்தப் பக்கம் ஒட்டடை அடித்த கடைப்பையனை, "நீதான் ஏதோ செய்துவிட்டாய், சம்பளத்தில் பிடிப்பேன்" என்று எல்லோர் முன்னிலையிலும் திட்டிவிட்டேன். மெக்கானிக் வந்தார். பிளக் பாயிண்டில் டெஸ்டரை வைத்தார், விளக்கு எரிந்தது. "கரண்ட் இருக்கு அண்ணாச்சி, போர்டு போச்சு, நாலாயிரம் ஆகும்" என்றார். நானும் சரியென்று தலையாட்டினேன்.

அவர் டி.வி.யைக் கழற்ற ஏணி தேடப் போன நேரத்தில், அந்தப் பையன் தன் செல்போன் சார்ஜரை அதே பாயிண்டில் செருகினான். சார்ஜ் ஏறவில்லை. எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் நியூட்ரல் கம்பி கழன்றிருந்தது. நியூட்ரல் அறுந்தாலும் டெஸ்டர் எரியும், ஆனால் சாமான் ஓடாது. எனக்குச் செலவு ஒரு புதிய பாக்ஸ் மட்டுமே. பையனிடம் வருத்தம் தெரிவித்தேன். அன்று கற்றதையும், பிறகு விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டுக்கொண்டதையும் வரிசையாகத் தருகிறேன்.

1. முதலில் டி.வி.யின் கீழ் ஓரத்தில் சிறு சிவப்பு விளக்கு இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான டி.வி.களில் இது உண்டு. விளக்கே இல்லையென்றால் மின்சாரம் உள்ளே வரவில்லை, அல்லது பவர் போர்டு பழுது. பாயிண்டில் வேறொரு சாமானைப் போட்டுப் பாருங்கள். எம்.சி.பி. விழுந்திருக்கிறதா, ஸ்டெபிலைசர் வேலை செய்கிறதா, ஒயரை எலி கடித்திருக்கிறதா என்று கவனியுங்கள். சில டி.வி.களில் ஒயரின் மறுமுனையும் கழற்றி மாட்டும்படி இருக்கும். அதுவும் தளர்ந்திருக்கலாம். ஒயர் கடிபட்டிருந்தால் தொடாமல் மெயினை அணையுங்கள்.

2. சிவப்பு விளக்கு எரிகிறது, ஆனால் ரிமோட்டுக்கு அசையவில்லை என்றால், டி.வி.யின் அடியிலோ பின்புறத்திலோ உள்ள பட்டனை அழுத்துங்கள். அதில் ஆன் ஆனால் கோளாறு ரிமோட்டில்தான். பாட்டரியை மாற்றுங்கள். செல்போனின் முன்பக்கக் கேமராவுக்கு நேராக ரிமோட்டைப் பிடித்து அழுத்தினால், நல்ல ரிமோட்டாக இருந்தால் அதன் முனையில் ஒளி மின்னுவது திரையில் தெரியும்.

3. பட்டனுக்கும் அசையவில்லையா? பிளக்கைப் பிடுங்கி, டி.வி.யின் பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். சில நிமிடம் கழித்து மீண்டும் செருகுங்கள். இந்தக் கால டி.வி.க்குள் இருப்பது ஒரு சிறு கம்ப்யூட்டர். மின்சாரம் விட்டு விட்டு வந்தால் அது குழம்பி நின்றுவிடும். மிச்ச மின்சாரம் வடிந்தால் தெளிந்துவிடும்.

4. விளக்கு விட்டு விட்டு மின்னினால், எத்தனை முறை மின்னுகிறது என்று எண்ணிக் குறித்து வையுங்கள. பல கம்பெனிகள் அந்த எண்ணிக்கையையே பழுதின் அடையாளமாக வைத்திருக்கின்றன. கம்பெனி சர்வீஸ்காரரிடம் அதைச் சொல்லுங்கள்.

5. ஆன் ஆகிறது, திரை மட்டும் கருப்பு என்றால், கேமராப் பெட்டி ஓடுகிறதா, ஹெச்.டி.எம்.ஐ. ஒயர் கழன்றிருக்கிறதா, ரிமோட்டில் சரியான இன்புட் வைத்திருக்கிறதா என்று பாருங்கள். எல்லாம் சரியென்றால், இருட்டில் டார்ச்சைத் திரைக்கு மிக அருகே சாய்த்து அடியுங்கள். படம் மங்கலாகத் தெரிந்தால் பின்விளக்கு போயிருக்கிறது. பெரும்பாலும் விளக்குப் பட்டையை மாற்றினால் போதும். திரையே போய்விட்டது என்று யாராவது சொன்னால் உடனே நம்பாதீர்கள். திரையை மாற்றும் செலவு புது டி.வி. விலையை நெருங்கும்.

இத்தனையும் வெளியே நின்று பார்க்கும் வேலை. உள்ளே கை வைப்பது வேறு வேலை. சில மாதங்கள் கழித்து டி.வி. மறுபடியும் நின்றது. பாயிண்ட் நன்றாக இருந்தது. முதல் வெற்றியில் தைரியம் பெற்ற நம் பையன் ஸ்க்ரூ டிரைவரோடு ஏறிவிட்டான். நல்லவேளை, பார்த்துத் தடுத்தேன். பவர் போர்டில் உள்ள பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது சிறிது நேரம் தங்கியிருக்கக்கூடும். உயிரையே பறிக்கக்கூடிய மின்சாரம் அது. அந்த முறை உண்மையாகவே கெப்பாசிட்டர் உப்பிப் போயிருந்தது. அறிந்தவர் வந்து மாற்றினார், கூலியை மனமாரக் கொடுத்தேன்.

வராமல் காப்பதே லாபம். மிளகாய்த்தூள், மாவுத் தூசி படியும் இடத்திலிருந்து டி.வி.யைத் தள்ளி மாட்டுங்கள். காற்றுத் துளைகளை மாதம் ஒரு முறை, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, உலர்ந்த பிரஷ்ஷால் துடையுங்கள். தண்ணீர் தெளிக்கவே கூடாது. இடி மின்னல் வரும் அறிகுறி தெரிந்ததும் பிளக்கோடு கேபிள் ஒயரையும் கழற்றிவிடுங்கள். மூன்று பேஸ் இணைப்புள்ள கடையில் சில விளக்குகள் மங்கி, சில அதிகப் பிரகாசமாக எரிந்தால் நியூட்ரல் கோளாறு. 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 400 வரை ஏறலாம். உடனே மெயினை அணைத்து மின்வாரியத்துக்குத் தெரிவியுங்கள்.

பில்லையும் வாரண்டி கார்டையும் கல்லாவிலேயே பத்திரப்படுத்துங்கள். வாரண்டி காலத்தில் வெளி ஆள் திறந்தால் கம்பெனி கைவிரித்துவிடும்.

மூட்டையைப் பிரித்துப் பார்க்காமல் நாம் சரக்குக்கு விலை சொல்வதில்லை. டி.வி. பழுதிலும், ஆள்மேல் பழி போடுவதிலும் அதே நிதானம் வேண்டும்.