குடியை விட்டவருக்கு நெடுநாள் மருந்து

2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ல் கோலார் தங்கச் சுரங்கம் மூடப்பட்ட பிறகு, விடியுமுன் ரயிலேறிப் பெங்களூர் சென்று உழைத்து இரவில் திரும்பும் ராபர்ட்சன்பேட்டைக் குடும்பத்தலைவர் குடியை விட மாத்திரை உட்கொள்ளத் தொடங்கியிருப்பாராயின், பிரயாண அவசரத்தில் அது மறந்துபோகாதபடி, காலைக் காப்பியோடு மனைவியோ தாயோ கையில் கொடுத்து, விழுங்குவதைக் கண்ணால் காண்பதே உத்தமம்.

இத்தகைய மாத்திரைகளுள் ஒன்றான டைசல்பிராம் உடம்பில் இருக்கையில் மது அருந்தினால் முகம் சிவந்து, மார்பு படபடத்து, வாந்தியும் மயக்கமும் உண்டாகி, சில சமயம் பிராணாபத்தே நேரக்கூடும். ஆகையால் அவர் அறியாமல் அதைச் சாம்பாரில் கலந்துவிடுவது, எத்துணை அன்பினால் செய்யப்பட்டாலும், பெருந்தவறு. மருந்தை நிறுத்திய பின்னும் அதன் சக்தி இரண்டு வாரம் வரை நிற்கும். அரிஷ்டம், ஆசவம், ஆல்கஹால் கலந்த இருமல் மருந்து ஆகியவையும் கூடா.

நால்ட்ரெக்ஸோனும் அகாம்ப்ரோசேட்டும் குடிவேட்கையைத் தணிப்பவை. கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனைகளைப் பார்த்தே வைத்தியர் இவற்றுள் ஒன்றைத் தேர்வார்.

சிகிச்சை ஆறு மாதமோ ஓராண்டோ, சிலருக்கு அதற்கு மேலுமோ நீடிக்கும். நடுவில் ஒருநாள் தவறிக் குடித்துவிட்டால், நிந்திக்காமல் மறுபடி வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் வரலாம். அப்போது ஆஸ்பத்திரி அவசியம். பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரியில் குடிநோய்ச் சிகிச்சைக்கெனத் தனிப் பிரிவு உண்டு. ஆலோசனைக்கு இலவசத் தொலைபேசி எண் 14446.