அனைவருக்குமான வடிவமைப்பு

கிராம சபை கூடும் கட்டடத்தின் படிகளை ஏற இயலாதவர், தம் குறையை அச்சபையில் எங்ஙனம் எடுத்துரைப்பார்? புதிய கட்டடத்திற்குத் திட்டம் தீட்டுமுன் நாம் இவ்வினாவை எழுப்புதல் வேண்டும்.

பின்னர் மாற்றியமைக்க வேண்டாதபடி, இயன்றவரை எல்லா மக்களும் பயன்படுத்துமாறு ஓர் இடத்தையோ பொருளையோ முதலிலேயே அமைப்பது 'அனைவருக்குமான வடிவமைப்பு' எனப்படும். இப்பெயரைப் பரப்பிய அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ரொனால்ட் மேஸ், தாமே சக்கர நாற்காலியில் இயங்கியவர். நம் நாட்டின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் இதற்கு இலக்கணம் வகுத்துள்ளது.

தொடர்புடைய சொற்கள் மூன்று:

தடை: பொதுவாழ்வில் ஒருவர் முழுமையாகப் பங்குபெறாதவாறு தடுப்பது. உயர்ந்த படி மட்டுமன்று, ஏளன மனப்பான்மையும் தடையே.

அணுகல் வசதி: எவரும் தடையின்றிச் சென்று பயன்படுத்தக்கூடிய நிலை.

நியாயமான வசதி: குறிப்பிட்ட ஒருவரின் தேவைக்கென, அளவுமீறிய சுமையின்றிச் செய்து தரும் மாற்றம்.

சாய்தளத்தில் 1 அடி உயரத்திற்கு 12 அடி நீளமேனும் தேவை. மணமேல்குடி போன்ற கடலோரப் பகுதியில் வெள்ளத்திற்கு அஞ்சித் தரைமட்டத்தை 3 அடி உயர்த்தினால், 36 அடி நீளம் வேண்டும். வரைபடத்திலேயே இடம் ஒதுக்காவிடில், பின்னர்க் கட்டும் சாய்தளம் செங்குத்தாகி எவருக்கும் பயன்படாது. செவ்வனே அமைந்தாலோ முதியோர், கருவுற்ற தாய்மார், தள்ளுவண்டியில் சுமை கொணர்வோர் யாவருக்கும் அதுவே வழியாகும்.

ஆகவே, படிக்கு அளவெடுக்கும் அன்றே சாய்தளத்திற்கும் அளவெடுப்போமாக.